தும்பிப் பையன்

அத்தியாயம் 5

"ஆமாவா, இல்லையா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போதும்" என்றாள் தையல்காரி. "சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஆள் மேடை ஏறுறான். அஞ்சு மணிக்கே எங்கம்மா செருப்பு மாட்டிட்டு உக்காந்துடுவாங்க. கூட்டிட்டுப் போறதா, இல்ல 'அது உன் புள்ளை இல்ல'ன்னு சொல்றதா, எனக்குத் தெரியணும்."

மணி காலை ஒன்பதே கால். சாவி வெட்டும் கடையின் மாடியில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், சரியாக மூடாத ஒரு ஜன்னல். கோட்டானின் துப்பறியும் நிலையம் அவ்வளவுதான். கீழே இயந்திரம் இரும்பைக் கடிக்கும்போதெல்லாம் மேலே பேச்சு நின்றுவிடும். கோட்டான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ராத்திரி முழுக்கத் தூங்காமல், பகல் முழுக்க வாய் திறக்காமல் இருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவனிடம் வேலை பார்ப்பவள் ஊசி. ஒல்லி உடம்பு, குத்துகிற பேச்சு, அதனால் அந்தப் பெயர்.

தையல்காரி மூன்று நாளைக்கு முன் முதல்முறை வந்தாள். துணிக்கடை ஒன்றில் கால்சட்டை நீளம் குறைத்து ஓரம் அடிக்கிற வேலை. அழவில்லை. சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள் என்பதால் அரைமணி நேரம்தான் உட்காருவேன் என்றாள். இன்றும் அதே குரல். இருபது வருடத்தில் தேய்ந்து தேய்ந்து மழுங்கிய குரல்.

விஷயம் தும்பி சாக்லேட்.

விரல் நீளம் இருக்கும். பொன் நிறத் தாள், இரண்டு பக்கமும் முறுக்கி இறக்கை மாதிரி விரித்திருக்கும். அதற்கு முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு விளம்பரம் வந்தது. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஏழு வயதுப் பையன் தாளைப் பிரிப்பான், கடிப்பான், வாயைச் சுற்றிச் சாக்லேட் அப்பிக்கொண்டு கேமராவைப் பார்த்து, "தும்பி பறந்துடுச்சு, வயித்துக்குள்ள!" என்பான். பிறகு ஈயென்று இளிப்பான். இருபது விநாடி, அவ்வளவுதான். ஆனால் சினிமாவில் சிரிப்பு நடிகர்கள் வயிற்றைத் தட்டிக்கொண்டு அதைச் சொன்னார்கள். தேர்தலில் தோற்றவனைப் பார்த்து ஜெயித்தவன் ஆட்கள் சொன்னார்கள். காதலி வேறொருத்தனைக் கட்டிக்கொண்டால் நண்பர்கள் தோளில் கை போட்டு அதையேதான் சொன்னார்கள். சாக்லேட் செத்தும் வாசகம் சாகவில்லை.

இப்போது வேறொரு கம்பெனி தும்பியைத் திரும்பக் கொண்டுவருகிறது. பழைய விளம்பரத்தையே துடைத்துப் பளபளப்பாக்கி டி.வி.யில் ஓட்டுகிறார்கள். 'அந்தப் பையனைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று ஒரு குழாய்க்கடைக்காரனையும் காட்டுகிறார்கள். இன்று மாலை பெரிய வணிக வளாகத்தில் மேடை, விளக்கு, கேக்.

தையல்காரியின் தம்பிதான் தும்பிப் பையன் என்பது அவர்கள் தெருவுக்கே தெரியும். அப்பா செத்த மறுமாதம், பத்தொன்பது வயதில், அவன் வீட்டை விட்டுப் போனான். கடிதம் இல்லை, போன் இல்லை. போன வாரம் டி.வி.யில் குழாய்க்கடைக்காரனைப் பார்த்ததும் அம்மா, "என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றாளாம்.

"என் புள்ளைதான்னு சொன்னாங்களா?" என்று கோட்டான் கேட்டான்.

"சொல்லணுமா? அந்த விளம்பரம் வந்தா அழுவாங்கன்னு நானே ஓடிப்போய் டி.வி.யை அணைப்பேன். இப்ப அவங்களே போகணும்ங்கறாங்க."

"ஆளோட முகம்?"

"ஏழு வயசு மூஞ்சி முழுக்கச் சாக்லேட். முப்பத்தொம்பது வயசு மூஞ்சி முழுக்கத் தாடி. என்னத்தைப் பாக்கறது?"

ஊசி தன் பங்குக்கு நேற்றைய சேதியைச் சொன்னாள். "கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கினேன்ணே. நமக்குத் தேவையே இல்லை, ஆனா நல்ல குழாய். ஆள் தங்கம். கேக்கறவங்களுக்கெல்லாம் இளிச்சுக் காட்டறான். பொறந்தது எங்க, வளந்தது எங்கன்னா, 'மேடை ஏறுற வரைக்கும் சொந்தக் கதை பேசக் கூடாதுன்னு கம்பெனி கையெழுத்து வாங்கியிருக்கு'ன்னு பொண்டாட்டி குறுக்க வர்றா. ஒண்ணுதான் இடிக்குது. இளிக்கச் சொன்னா இளிக்கறான், அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னா மட்டும் தொண்டை கட்டியிருக்குங்கறான். கட்டின தொண்டையோட எதிர்க்கடைக்காரனை நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி திட்டறான்."

கோட்டான் தையல்காரியைப் பார்த்தான். "உங்க தம்பி வீட்டுல அதைச் சொல்லிக் காட்டுவாரா?"

"மாட்டான். சொல்லுன்னா எழுந்து போயிடுவான். நாங்கதான் சொல்லுவோம்." ரேஷன் அட்டை எண்ணை ஒப்பிக்கிற மாதிரி, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், அவளே சொல்லிக் காட்டினாள். "தும்பி பறந்துடுச்சு, வயித்துக்குள்ள."

கீழே இயந்திரம் கத்தியது. அது ஓயும்வரை கோட்டான் அசையவில்லை.

"'துடுச்சு'ங்கும்போது ஒரு விசில் அடிச்சீங்க."

"எல்லாரும் அடிப்பாங்க. அதுல அப்படித்தான் வரும்."

"அதுல வரல" என்றான் கோட்டான். "மூணு நாளா நாப்பது தடவை பாத்துட்டேன்."

தையல்காரி தோளைக் குலுக்கினாள். அரைமணி முடிந்திருந்தது. எழுந்து போய்விட்டாள்.

*

பழைய விளம்பரத்தின் துடைக்காத பிரதி ஒன்று இணையத்தில் கிடந்தது. ஊசி பத்து நிமிடத்தில் தோண்டி எடுத்தாள். கோடு கோடாக, மழையில் நனைந்த படம் மாதிரி இருந்தது. ஒலி மட்டும் சுத்தம். 'பறந்துடுச்சு' என்ற இடத்தில் மெல்லிசாக ஒரு சீழ்க்கை, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.

"அட, இருக்கு!" என்றாள் ஊசி. "புதுசுல ஏன் இல்லை?"

"சத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் அதை அழுக்குன்னு நினைச்சிருக்கும். இப்ப சத்தத்தை நிறுத்து. படத்தை மட்டும் ஓட்டு. இளிக்கற இடத்துல பிடி."

பிடித்தாள். மஞ்சள் கோட்டு, சாக்லேட் மீசை, காது வரை இளிப்பு.

"பல்லை எண்ணு."

"நான் பல் டாக்டர் பாருங்க" என்று முனகிக்கொண்டே எண்ணினாள். நடுவில் விரல் நின்றது. "முன்வரிசையில ஒண்ணுகூடக் குறையலையே."

"முன்பல் விழுந்த புள்ளைக்குத்தான் அங்க விசில் வரும். முழுப்பல் இருக்கற புள்ளைக்கு வராது."

ஊசி சத்தத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண்ணுக்கு முன்னால் முத்து மாதிரிப் பல்வரிசை. காதில் பொக்கைவாய்.

"அண்ணே, இது வேற வாய், வேற குரல். ஊரே முப்பத்திரண்டு வருஷமா பாத்திருக்கு, ஒருத்தன் கண்டுபிடிக்கல?"

"எவன் கண்டுபிடிப்பான்? எல்லாரும் வாயில சாக்லேட்டை வெச்சுக்கிட்டுல்ல பாத்தாங்க."

அதனால்தான் குழாய்க்கடைக்காரனுக்குத் தொண்டை கட்டியது. முகம் அவனுடையதாக இருக்கலாம், குரல் இல்லை. மேடையில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஊசி பக்கத்தைக் கீழே தள்ளினாள். பிரதியை ஏற்றி வைத்தவர் அந்த விளம்பரத்தின் ஒலிப்பதிவாளரேதான். தன் போன் எண்ணையும் போட்டிருந்தார். கீழே நாலாயிரத்துச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். மழைக்கோட்டு, தகர டப்பா, தாளைத் தட்டையாக்கிப் புத்தகத்தில் வைத்த கதை என்று ஆளுக்கு ஒன்று.

"ஏதாவது தேடணுமாண்ணே?"

"புதுசுல விசில் இல்லைன்னு எவனாவது எழுதியிருக்கானா பாரு."

முக்கால் மணி நேரம் தேடினாள். ஒருத்தனும் எழுதவில்லை.

*

ஒலிப்பதிவாளரின் அறைக்குள் நுழைந்ததும் காது அடைத்த மாதிரி இருந்தது. சுவரெங்கும் ஒட்டியிருந்த பஞ்சு உரிந்து தொங்கியது. ஒலிநாடாச் சுருள்கள் கூரை வரை அடுக்கு. கிழவர் காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணை மெதுவா பேசச் சொல்லுங்க" என்றார் முதல் வார்த்தையாக.

"இன்னும் நான் பேசவே இல்லையே சார்."

"மூச்சே சத்தமா விடறே."

கோட்டான் நேராக விஷயத்துக்கு வந்தான். "தும்பி விளம்பரத்துல குரல் குடுத்த பையன் யாரு?"

கிழவர் காதுப் பஞ்சை எடுத்தார். "இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்லை. உக்காருங்க."

அவர் சொன்னது இது. லைட்டுக்கு முன்னால் சாக்லேட்டை வைத்தால் இரண்டு நிமிடத்தில் கூழாகிவிடும். ஆகவே ஐஸ் பெட்டியில் போட்டுக் கல்லாக்கி வைத்திருந்து, கேமரா ஓடும்போது மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். 'லேசா உதட்டுல வை, கடிக்காதே' என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"அன்னைக்கு யாரும் சொல்லல. உதவி டைரக்டர், ஒப்பனைக்காரம்மா சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சான். அந்தம்மா, ஐஸ் பெட்டிக்காரன் சொல்லியிருப்பான்னு நினைச்சுது. பையன் பாவம், சாக்லேட்டுன்னு குடுத்தா கடிக்கத்தானே செய்வான்? நறுக்குன்னு ஒரு கடி. ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லு, கையோட வந்துடுச்சு. மஞ்சக் கோட்டு மேல ரத்தம்."

"அப்புறம்?"

"விளம்பரத்துக்குப் புள்ளைங்களை ஜோடியாத்தான் கூப்பிடுவாங்க. ஒண்ணு அழுதா இன்னொண்ணு. கோட்டைக் கழுவி அடுத்தவனுக்கு மாட்டிவிட்டாங்க. அவன் நல்லா இளிச்சான். ஆனா ஒரு வாரம் கழிச்சுக் குரல் பதிய வந்தா, வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி ஒப்பிக்கறான். பத்து தடவை பாத்துட்டு, பழைய பையனைக் கூப்பிட்டு அனுப்பினோம். பொக்கை வாயோட வந்தான். ஒரே தடவை சொன்னான். விசில் வந்துது. திரும்ப எடுக்கணும்னாரு டைரக்டர். எடுத்தீங்கன்னா நான் வேலையை விட்டுட்டுப் போறேன்னேன்."

"பையனைக் கூட்டிட்டு வந்தது அவங்கப்பாவா?" என்றாள் ஊசி, முடிந்தவரை மெதுவாக.

"அப்பன் ஆபீஸ்ல இருந்தாரு. ரெண்டு நாளும் அவங்கம்மாதான் கூட வந்துது. வாசல் பெஞ்சிலேயே உக்காந்திருக்கும்."

கிழவர் எடுத்து நீட்டிய பழைய சம்பள நோட்டில் இருந்தது தையல்காரியின் தம்பி பெயரேதான். ஊசி கோட்டானைத் திரும்பிப் பார்த்தாள். கோட்டான் முகத்தில் ஒன்றும் இல்லை. அதில் எப்போதுமே ஒன்றும் இருப்பதில்லை.

"புது விளம்பரம் வந்ததுக்கப்புறம் உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கணும்" என்றான். "'அந்த விசிலை என்ன பண்ணீங்க'ன்னு கேட்டு."

கிழவர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல எல்லாரும் அந்த வசனத்தைத் தன் வாயால நூறு தடவை சொல்லிப் பாத்தவங்க. புதுசைக் கேக்கறப்பவும் விசிலை அவங்களே மனசுக்குள்ள அடிச்சுக்கறாங்க. அதான் நாலாயிரம் பேர்ல ஒருத்தருக்கும் குறை தெரியல. அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லவே சொல்லாத ஆளுக்குத்தான் அது இல்லைன்னு தெரியும். உங்க நம்பரைத்தான் இணையத்துல அந்தப் பிரதியோடவே போட்டிருக்கீங்களே."

"மூணு வாரம் முன்னாடி, பகல் பதினொரு மணி" என்றார் கிழவர். "யாரு, என்னன்னு ஒண்ணும் சொல்லல. 'அந்த விசிலை ஏன், எடுத்தீங்க?' நான் எடுக்கலப்பா, கம்பெனி மிஷின் எடுத்துதுன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். வெச்சுட்டான்."

"அவர்தானா?"

"கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுத்தான். 'தும்பி பறந்துடுச்சு', மூச்சு, 'வயித்துக்குள்ள'. 'விசிலை ஏன்', மூச்சு, 'எடுத்தீங்க'. குரல் உடையும், தடிக்கும், கிழடாகும். மூச்சு எடுக்கற இடம் சாகற வரைக்கும் மாறாது."

எண்ணைச் சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போது ஊசிக்குக் கை அரித்தது. "அடிச்சுப் பாக்கலாமாண்ணே? ஒரே ஒரு ரிங்."

"அவர் உன் தம்பியா?"

"இல்ல."

"என் தம்பியும் இல்ல. வண்டியை எடு."

*

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்த தையல்காரியின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். செருப்பு மாட்டியிருந்தாள், மடியில் கைப்பை. பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள் தையல்காரி.

"இல்ல" என்றான் கோட்டான். "அவர் உங்க தம்பி இல்ல."

"சரி."

அவ்வளவுதான் வந்தது. கழுத்து நாடாவை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். பாதி சுற்றிவிட்டு, திரும்பாமலே சொன்னாள். "அம்மா, செருப்பைக் கழட்டு. அது அவன் இல்லையாம்."

"தெரியும்" என்றாள் அம்மா.

நாடா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு பிரிந்தது.

"எனக்குத் தெரியாதாடி? நான்தானே கூட்டிட்டுப் போனேன். பல்லு விழுந்துதுன்னு அவனை ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. அப்புறம் ஒரு நாள் குரலுக்குக் கூப்பிட்டாங்க. உங்கப்பா அதுக்குள்ள ஆபீஸ் பூராவும், 'என் மகன் டி.வி.ல வரப்போறான்'னு சொல்லிட்டாரு. வந்துது. மஞ்சக் கோட்டு, வாயெல்லாம் சாக்லேட்டு, குரல் அவனுது. அவரு கண்ணுல தண்ணியோட பாத்துட்டிருந்தாரு. எனக்கு வாய் வரல. அவன்கிட்டயும், 'அப்பா இருக்கற வரைக்கும் சொல்லாதே'ன்னேன்."

தையல்காரி சுவரில் சாய்ந்தாள்.

"என்கிட்ட சொன்னான்" என்றாள். "எத்தனையோ தடவை சொன்னான். 'அது நான் இல்லக்கா, அது வேற பையன்'னு. பவுசு காட்டறான், வேணும்னே பண்றான்னு நினைச்சேன்." குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. "அப்பா செத்த அன்னைக்கு வந்தவங்க அத்தனை பேரும் அவனைக் காட்டி, 'இவன்தான் தும்பிப் பையன்'னு பேசிக்கிட்டாங்க. ஒரு ஆள் பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'தம்பி, அதைச் சொல்லேன்'னான். 'அது நான் இல்ல, நான் இல்ல'ன்னு கத்தினான். நான் அறைஞ்சேன். எல்லார் முன்னாடியும். அப்பா மானத்தை வாங்காதேடான்னு."

 

"அப்ப அங்க எதுக்கும்மா போகணும்னே?" என்றாள் தையல்காரி.

"பெரிய ஸ்பீக்கர்ல பழசைப் போடுவாங்களாம். அவன் குரலைக் கேட்டு இருபது வருஷமாச்சு. வீட்டுலதான் நீ ஓடி வந்து அணைச்சிடறியே."

"அங்க போடறதும் துடைச்சதுதாம்மா" என்றாள் ஊசி. "விசில் இருக்காது."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, செருப்பு வாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.

கோட்டான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். "மூணு வாரம் முன்னாடி 'அந்த விசிலை ஏன் எடுத்தீங்க'ன்னு கேட்டு ஒருத்தர் ஒலிப்பதிவாளருக்குப் போன் பண்ணியிருக்காரு. அது உங்க தம்பிதான்னு அவர் சத்தியம் பண்றாரு. நான் அடிச்சுப் பாக்கல. எடுப்பாரா, எடுத்தாலும் பேசுவாரான்னு எனக்குத் தெரியாது. நீங்க கேட்டது ஆமாவா, இல்லையான்னு. அதுக்குப் பதில் சொல்லிட்டேன். இது அதுக்கு மேல."

தையல்காரி தாளை எடுத்தாள். எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். தையல் இயந்திரத்தில் இத்தனை வருடம் குனிந்த முதுகு, போனைக் காதில் வைத்ததும் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. நாலு, ஐந்து. ஏழாவதில் எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது ஓர் ஆண்குரல். பின்னால் லாரி ஒன்று பின்வாங்குகிற பீப் சத்தம்.

'நான் அக்கா பேசறேன்' என்று தையல்காரி சொல்லவில்லை. 'எங்கடா இருக்கே' என்று கேட்கவில்லை.

"அது நீ இல்ல" என்றாள். "அந்த மஞ்சக் கோட்டுப் பையன் நீ இல்லடா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

லாரியின் பீப் நின்றது. அந்தப் பக்கம் யாரோ யாரையோ, "மூட்டையை இறக்கவா வேணாமா?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை.

கோட்டான் ஊசிக்குக் கண் காட்டினான். இருவரும் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். அவனுக்கு உள்ளே ஒன்றும் தோன்றவில்லை, அது பழக்கம்தான். கால்கள் மட்டும் வாசலைத் தாண்டாமல் நின்றன.

அம்மா ஒற்றைக் காலில் செருப்போடு எழுந்து வந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் தையல்காரி. "ஆனா வைக்கல."